கடற்கொள்ளையனுக்கு உடை மாட்டிய ஓவியர்

கடற்கொள்ளைக்காரன் என்றதும் உங்கள் கண்முன் யார் வந்து நிற்கிறான், தோழர்களே? தலையிலே சிவப்புத் துணி முண்டாசு. காதிலே வளையம். இடுப்பைச் சுற்றி அகலமான கச்சை, அதிலே செருகிய கைத்துப்பாக்கி, கையிலே வளைந்த வாள். சினிமாக் கொட்டகையிலே கண்டவன், பிள்ளைகளின் படக்கதைப் புத்தகத்திலே கண்டவன். வேறு உருவத்தில் அவனை எண்ணிப் பார்க்கக்கூட நம்மால் முடிவதில்லை.

அந்தக் கோலத்தில் அவனை நேரில் கண்டு சொன்னவர் யார்? எவருமில்லை! கரீபியக் கடலைக் கலக்கிய கொள்ளையர் கூட்டத்தின் கதை 1700-களின் முற்பகுதியோடு முடிந்துபோனது. அவர்களும் பெரும்பாலும் மற்றக் கப்பல் தொழிலாளிகள் உடுத்திய முரட்டுத் துணியைத்தான் உடுத்தினார்கள். அவர்களைப் பார்த்து வரைந்து வைத்த படங்களோ மிகச் சில. பிறகு இந்த முண்டாசும் கச்சையும் எங்கிருந்து வந்தன?

அமெரிக்காவில், டெலவேர் மாநிலத்தில், வில்மிங்டன் என்ற ஊரில், தோல் வணிகம் செய்துவந்த ஒருவரின் மகன் கற்பனையிலே தைத்த உடை அது! ஸ்பெயின் நாட்டுக் குடியானவர்களும் நாடோடிகளும் உடுத்தும் உடையிலிருந்து கொஞ்சம், பழைய புத்தகங்களிலிருந்து கொஞ்சம், மீதியெல்லாம் தன் மனத்திலிருந்து எடுத்து, செத்து நூறாண்டுக்கு மேலாகிவிட்ட கொள்ளையர்களுக்கு அவர் புதுச் சட்டை மாட்டினார். கைதியின் கண்ணைக் கட்டி, கப்பலிலிருந்து கடல்மேல் நீட்டிய பலகையிலே நடக்க வைக்கிறார்களே, அந்தக் காட்சியையும் 1887-ஆம் ஆண்டு 'ஹார்ப்பர்ஸ்' திங்களிதழிலே அவர் வரைந்து காட்டினார். அவர் மறைந்து பத்தாண்டுக்குப் பிறகு, 1921-இல், கொள்ளையர் படங்களெல்லாம் ஒரே நூலாக வெளிவந்தன. 1926-இல் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் கொள்ளையன் வேடம் போட்டு எடுத்த படத்துக்கு அந்த நூலே வழிகாட்டி. அதன்பிறகு உலகமெங்கும் கொள்ளையன் என்றால் அந்தக் கோலந்தான்.

அந்த ஓவியரின் பெயர் ஹோவர்ட் பைல். இல்லாததை இருப்பதாகக் காட்டும் வித்தை தெரிந்தவர்கள் பலர் உண்டு. அந்த வித்தையால் பொருள் சேர்த்தவர்களும் உண்டு. பைலைப்பற்றி இங்கே பேச வந்ததற்குக் காரணம் வேறு. வித்தை கைக்கு வந்து, புகழும் வந்து, பதிப்பாளர்கள் வாசலில் காத்துக் கிடந்த நேரத்தில், அந்த மனிதர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் பிறருக்குக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தார். அதற்கு ஒரு காசுகூடக் கட்டணம் வாங்க மறுத்தார்!

பைல் பிறந்தது 1853 மார்ச் 5-ஆம் நாள். குடும்பம் குவேக்கர் குடும்பம். கிறித்தவர்களுக்குள்ளே போர் கூடாது, ஆடம்பரம் கூடாது, எளிய உடை போதும் என்று வாழும் பிரிவினர் குவேக்கர்கள். வாள் தொடாத குலத்திலே பிறந்த பிள்ளை, பிற்காலத்திலே பக்கம் பக்கமாக வாளையும் வேலையும் வரைந்து தள்ளியது வேடிக்கைதான்! அதற்கு வித்திட்டவர் தாயார். அந்த அம்மையாருக்குப் படமும் கதையும் என்றால் உயிர். வீட்டிலே படம் போட்ட புத்தகங்கள் கிடந்தன. பையன் அவற்றிலேயே கிடந்தான். பள்ளிப்பாடத்தில் மனம் செல்லவில்லை.

கல்லூரிக்கு அனுப்பிப் பயனில்லை என்று கண்ட பெற்றோர், பிலடெல்பியாவிலே பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் ஒருவரிடம் ஓவியம் கற்க விட்டார்கள். மூன்றாண்டுக் காலம் கோடும் நிழலும் பழகினான். பிறகு தந்தையின் தோல் வணிகத்திலே கைகொடுத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் எழுதுவதும் வரைவதுமாக நாள் ஓடிற்று. அப்படியே விட்டிருந்தால் வில்மிங்டனிலே இன்னொரு தோல் வணிகர், அவ்வளவுதான்.

1876-இல் வர்ஜீனியாக் கரையை அடுத்த சின்கோடீக் என்ற தீவுக்குப் போனார். அங்கே காட்டுமட்டக் குதிரைகளை ஆண்டுதோறும் வளைத்துப் பிடிப்பார்கள். கண்டதை எழுதி, படமும் போட்டு, நியூயார்க்கிலுள்ள 'ஸ்க்ரிப்னர்ஸ்' இதழுக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள்! அந்த ஒரு கடிதத்தை நம்பி, 23 வயது இளைஞர் நியூயார்க் நகருக்குப் புறப்பட்டுவிட்டார்.

நகரம் வாரி அணைத்துவிடவில்லை. அந்நாளைய இதழ்களின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அச்சுத் தொழிலிலே இருக்கும் தோழர்களுக்கு இது இனிக்கும். படத்தை நேரே அச்சேற்றும் வழி அப்போது இல்லை. ஓவியர் வரைந்ததை, கெட்டியான மரக்கட்டையின்மேல் உளியால் செதுக்கவேண்டும். அதற்கென்று செதுக்குத் தொழிலாளிகள் இருந்தார்கள். பெரிய படமானால் பல கட்டைகளைத் திருகாணியால் பிணைத்து, பிரித்து, ஆளுக்கொரு துண்டாகச் செதுக்கி, மறுபடி சேர்ப்பார்கள். கூட்டு உழைப்பு! புதிதாக வந்த இளைஞனின் படத்தை அந்த நிலைக்கு வரவிடுவார்களா? அவனுடைய கருத்தை மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். பெயர்பெற்ற ஓவியரைக் கொண்டு அதைத் திருத்தி வரைவார்கள். எண்ணம் இவனுடையது, எழுதுகோல் வேறொருவருடையது, புகழும் வேறொருவருக்கு. ஓராண்டுக்குமேல் பைலின் கதி இதுதான்.

1878-இல் திருப்பம் வந்தது. கடலோரக் காவல் குடிசை ஒன்றிலே மீட்புப் பணியாளர்கள் இரவு நேரத்தில் மேசையைச் சுற்றிச் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். கதவு படாரென்று திறக்கிறது. வெளியே புயல். கப்பலொன்று உடைகிறது என்று சொல்லிக்கொண்டு ஒருவன் உள்ளே பாய்கிறான். இதுதான் பைல் கற்பனை செய்த காட்சி. இம்முறை கருத்தை விற்கமாட்டேன், நானே வரைகிறேன் என்று 'ஹார்ப்பர்ஸ்' நிலையத்திலே கெஞ்சினார். கலைப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த சார்லஸ் பார்சன்ஸ் நல்ல மனிதர், சரி என்றார். வாரக்கணக்கிலே உழைத்து வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். மறுக்கப்படும் என்று நடுங்கிக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்ததோ, வார ஏட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்த பெரிய இடம்!

1879-இல் ஊர் திரும்பிய பைல், கடைசிவரையில் வில்மிங்டனையே வீடாகக் கொண்டார். நியூயார்க்கிலே இருந்தால்தான் பிழைப்பு என்றவர்களுக்கு, அஞ்சல் வண்டி எதற்கு இருக்கிறது என்பதுபோல் நடந்துகொண்டார். 1881-இல் ஆன் பூல் என்ற நங்கையை மணந்தார். ஏழு குழந்தைகள்.

1883-இல் வெளிவந்தது 'ராபின் ஹுட்'. இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்த அந்தக் காட்டுவீரனின் கதையை, பழைய நாட்டுப் பாடல்களிலிருந்து திரட்டி, பைலே எழுதினார், பைலே வரைந்தார், பக்க ஓரத்துக் கொடிகளையும் தலைப்பெழுத்துகளையும் அவரே அமைத்தார். கதையோ இங்கிலாந்து நாட்டுக் காட்டிலே நடப்பது. இவரோ இங்கிலாந்து மண்ணை மிதித்ததில்லை. அவர் அறிந்ததெல்லாம் வில்மிங்டனுக்குப் பக்கத்திலே ஓடும் பிராண்டிவைன் ஆறும் அதன் கரை மரங்களுந்தான். ஆனாலும் கலையுலகிலே அமெரிக்காவை மதியாத ஆங்கிலேயக் கலைஞர் வில்லியம் மாரிஸ், பொதுவுடைமை பேசிய அதே மாரிஸ், அந்த நூலைக் கண்டு வியந்தார் என்பது வரலாறு. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1882-இல், ஹாலந்திலே வறுமையோடு போராடிக்கொண்டிருந்த ஓர் ஓவியர் தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்க இதழொன்றில் கண்ட படங்கள் தம்மை வாயடைக்க வைத்ததாகக் குறித்து, பைல் வரைந்த பழைய குவேக்கர் ஊர்க் காட்சிகளையும் அதிலே சேர்த்திருந்தார். அந்த ஏழை ஓவியர் வின்சென்ட் வான் கோ.

சீமான்களின் மாளிகைச் சுவரிலே தொங்கும் படத்தை எத்தனை பேர் பார்க்க முடியும்? இதழிலே அச்சான படமோ உழவன் வீட்டிலும் வந்து விழும், பட்டறைத் தொழிலாளியின் மகனும் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்வான். பைல் வாழ்நாளில் 3,000-க்கும் மேற்பட்ட படங்களை அச்சுக்காகவே வரைந்தார். உயர்கலை பேசியவர்கள், இதழுக்கு வரைபவன் ஓவியனல்லன், கூலிக்கு வரைபவன் என்று இளக்காரமாகப் பேசியதுண்டு. பைல் அதைப் பொருட்படுத்தவில்லை. கூலிக்கு வரைந்தால் என்ன, கூலி வாங்காதவன் எவன்?

வீட்டிலே ஒரு பேரிடி விழுந்தது. 1889-இல் அவரும் மனைவியும் ஜமைக்காத் தீவுக்குச் சென்றிருந்தார்கள். பிள்ளைகளை உறவினர் பொறுப்பிலே விட்டிருந்தார்கள். அங்கிருக்கும்போதே செய்தி வந்தது: மகன் செல்லர்ஸ் இறந்துபோனான். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவிலே கடல் கிடந்தது. அந்தத் துயரம் ஆறாண்டு அவர் நெஞ்சிலே கிடந்து, 1895-இல் ஒரு நூலாக வெளிப்பட்டது. நிலவு எழும்போது கடல்நீரிலே ஒளிப்பாதை ஒன்று விழுமே, அந்தப் பாதையிலே ஒரு சிறுவன் நடந்து நடந்து நிலவுக்குள் போகிறான். நிலவுக்குப் பின்னாலே ஒரு தோட்டம், அதிலே குழந்தைகள் விளையாடுகிறார்கள். 'நிலவுக்குப் பின்னுள்ள தோட்டம்' என்பது நூலின் பெயர். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அவனுக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கி வைத்தான் என்றுதான் அதைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். பைலின் நூல்களிலே ராபின் ஹுட்டுக்குப் புகழ் அதிகம். என் மனத்திலே நிற்பது இந்தச் சிறிய நூல்தான்.

இதற்குள் அச்சுத் தொழில் மாறிவிட்டது. மரக்கட்டை போய், புகைப்பட முறையிலே ஹாப்டோன் பிளாக் வந்தது. ஓவியர் தூரிகை தீட்டியதைத் தீட்டியபடியே அச்சேற்ற முடிந்தது. ஓவியர்களுக்குக் கொண்டாட்டம். செதுக்குத் தொழிலாளிகளுக்கோ, கை பழகிய வேலை கண்ணெதிரே மறைந்தது. இதழ்கள் பெருகின, படம் வேண்டும் படம் வேண்டும் என்றன. படம் போட ஆளுக்குப் பஞ்சம். கலைப்பள்ளிகளிலே என்ன கற்றுக்கொடுத்தார்கள்? பழங்காலச் சிலைகளின் சுண்ண வார்ப்பை நடுவிலே வைத்து, அதைச் சுற்றி உட்கார்ந்து ஆண்டுக்கணக்கிலே பார்த்து வரையச் சொன்னார்கள். கண் பழகியது, கை பழகியது. கற்பனைக்கு யாரும் சோறு போடவில்லை.

1894-இல் பிலடெல்பியாவிலுள்ள டிரெக்ஸல் கல்வி நிலையத்திலே வகுப்பெடுக்கப் பைல் முன்வந்தார். அந்த நிலையமே மூன்றாண்டுக்கு முன், 1891-இல், தொழிற்கல்வி தருவதற்கென்று தொடங்கப்பட்டது. அங்கே பைல் வகுப்பிலே வந்து உட்கார்ந்தவர்களிலே மேக்ஸ்ஃபீல்ட் பாரிஷ் இருந்தார். ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித், எலிசபெத் ஷிப்பன் கிரீன், வயலட் ஓக்லி என்ற மூன்று பெண்களும் இருந்தார்கள். பின்னாளிலே அமெரிக்க இதழ்களை ஆண்ட பெயர்கள் இவை. 1897-இல் ஸ்மித்தும் ஓக்லியும் சேர்ந்து படம் போட்ட ஒரு கவிதை நூலுக்கான வேலையை வாங்கிக் கொடுத்தவர் பைல். கற்பித்துவிட்டுப் போய்வா என்று கைகழுவும் ஆசிரியராக அவர் இருக்கவில்லை. வேலையும் தேடிக் கொடுத்தார்.

1898, 1899 ஆகிய இரண்டு கோடைக்காலங்களிலும் தேர்ந்தெடுத்த மாணவர்களைச் சாட்ஸ் ஃபோர்ட் என்ற சிற்றூருக்கு அழைத்துப்போனார். பிராண்டிவைன் ஆற்றங்கரையிலே ஒரு பழைய மாவு மில். அதுதான் பள்ளிக்கூடம். 1777-இல் அமெரிக்க விடுதலைப் படை ஆங்கிலேயப் படையோடு மோதித் தோற்ற களம் அது. அந்த மண்ணிலே நின்றுகொண்டு, விடுதலைப் போரின் படங்களை அவர் தீட்டினார், மாணவர்கள் வெயிலிலே நின்று மரத்தையும் மனிதரையும் தீட்டினார்கள்.

வகுப்பு பெருத்தது. பைலுக்கு அது பிடிக்கவில்லை. பெருங்கூட்டத்துக்குப் பாடம் சொன்னால், உண்மையான ஆர்வம் கொண்ட நாலு பேருக்குக் கொடுக்கவேண்டிய நேரம் கரைந்துபோகிறது என்று கருதி, 1900-இல் டிரெக்ஸலை விட்டு விலகினார். வில்மிங்டனிலே, ஃபிராங்ளின் தெருவிலே தம் ஓவியக்கூடத்தின் பக்கத்திலேயே, மாணவர்களுக்கென்று கூடங்கள் எழுப்பிச் சொந்தப் பள்ளி தொடங்கினார். படிப்புக்குக் கட்டணமில்லை! வேலை செய்யும் கூடத்துக்கு வாடகை, வண்ணம், துணி, அதுபோன்ற செலவு மட்டும் மாணவனுடையது.

நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பம் போட்டார்கள். அவர் எடுத்துக்கொண்டதோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை. இதிலே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இலவசம் என்று கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஐந்து நாற்காலி போட்டால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் ஒன்று: அந்த நாற்காலி பணக்காரப் பிள்ளைக்கென்று ஒதுக்கப்படவில்லை. கை திருந்தியிருக்கிறதா என்பதைவிட, கற்பனை இருக்கிறதா, உழைப்பானா என்றுதான் பார்த்தார். தெற்கு டகோட்டாவின் புல்வெளியிலே உழவர் மகனாகப் பிறந்து, அண்டை அயலாரின் தரிசு நிலங்களை உழுது கூலி சேர்த்து, அந்தக் காசிலே ஓவியம் கற்க வந்த ஹார்வி டன் 1904-இல் அவரிடம் வந்து சேர்ந்தார். கட்டணம் கேட்டிருந்தால் டன் வந்திருக்க முடியுமா?

பைல் என்னதான் கற்றுக்கொடுத்தார்? கோடு இழுப்பதையல்ல. படத்துக்குள்ளே போய் வாழ்வதை! பனியிலே நடக்கும் மனிதனை வரைகிறாயா, உன் விரல் விறைக்கவேண்டும். அடி விழுகிறவனை வரைகிறாயா, உன் முதுகு வலிக்கவேண்டும். முதலில் மனத்தைப் படத்துக்குள் எறி, பிறகு நீயும் குதி. இதுதான் அவர் பாடத்தின் சாரம். திங்கட்கிழமை மாலைதோறும் மாணவர்கள் தாங்கள் கரித்துண்டால் வரைந்த கற்பனைப் படங்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆசிரியர் ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து பேசுவார். கை கோணலாயிருக்கிறது, கால் குட்டையாயிருக்கிறது என்றல்ல; இந்த மனிதன் ஏன் இங்கே நிற்கிறான், இவனுக்கு என்ன பயம், இந்த நொடிக்கு முந்திய நொடியிலே என்ன நடந்தது என்று கேட்பார். பேய்க்கப்பலை வரைந்தாலும் அதன் கயிறு எந்தத் தூணிலே கட்டியிருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும் என்பார். கற்பனைக்கு எலும்பு வேண்டும் அல்லவா! அதனால்தான் அவர் கூடத்திலே பழைய உடைகளும் படைக்கலங்களும் நாற்காலிகளும் குவிந்து கிடந்தன.

அந்தத் திங்கட்கிழமைப் பேச்சுகளை 1904-இல் குறிப்பெடுத்து வைத்தவர்கள் இருவர் - எதல் பென்னவில் பிரவுன், ஆலிவ் ரஷ். இருவரும் பெண்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பைலின் குறையைச் சொல்லவேண்டிய இடம் இதுதான். அந்தக் காலத்திலே பெண்களுக்கு வகுப்பிலே இடம் கொடுத்ததும், வேலை வாங்கிக் கொடுத்ததும் பெரிய செயல், மறுக்கவில்லை. ஆயினும் பெண்ணுக்கு மணமானால் கலை முடிந்தது என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. சொந்தப் பள்ளி தொடங்கியபின் அவர் எடுத்துக்கொண்ட பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆண் மணம் செய்துகொண்டால் அவன் தூரிகை உடைந்துவிடுகிறதா? ஏழு பிள்ளைகளின் தகப்பன் இப்படி எண்ணலாமா? அவருக்கு விடைசொன்னவர்கள் அவருடைய மாணவிகளே. ஸ்மித் 1917-இலிருந்து பதினைந்தாண்டுக்குமேல், திங்கள்தோறும் ஒரு குடும்ப இதழின் அட்டைப் படத்தை வரைந்தார். ஓக்லி, பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்ற மாளிகையின் சுவர்களுக்கு மாபெரும் படங்களைத் தீட்டினார். அவர்களோ மணம் செய்துகொள்ளவில்லை. இரண்டும் கூடும் என்று காட்டும் வாய்ப்பை அந்தக் காலம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இன்னொரு தவறு. 1906-இல் 'மெக்ளூர்ஸ்' இதழ் பெருஞ்சம்பளம் தந்து கலை ஆசிரியர் பதவிக்கு அழைத்தது. ஒத்துக்கொண்டார். தம் மாணவர்களை அந்த இதழுக்கே வரையச் சொன்னார். தலையெடுத்துவிட்ட மாணவர்கள் சிலர் தயங்கினார்கள், என்.சி. வையெத் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆசானுக்கு வருத்தம். சில மாதங்களிலேயே அந்தப் பதவி கசந்து, ஆகஸ்டு மாதம் விலகிவிட்டார். கட்டணம் வாங்காத ஆசான், வேறொரு வகையிலே கைம்மாறு எதிர்பார்த்துவிட்டாரோ என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனாலும் சொந்தக் காலில் நில் என்று கற்றுக்கொடுத்தவரிடமே, நிற்கிறேன் என்று மாணவன் சொன்னானே, அதுவும் அந்தப் பள்ளியின் விளைச்சல்தான்!

ஐம்பது வயதைத் தாண்டிய பைலுக்கு இதழ்ப்படம் அலுத்தது. சுவரளவு படம் தீட்டும் ஆசை பிறந்தது. 1906-இல் மினசோட்டா மாநில மாளிகைக்காக, அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரின் நாஷ்வில் சண்டையைத் தீட்டினார். மழையிலே நனைந்த நிலம், சேற்றிலே பாய்ந்துவரும் சாதாரணப் படைவீரர்கள். அடுத்து நீதிமன்றக் கட்டடங்களுக்குச் சுவர்ப்படங்கள். பெரிய சுவர் எதிரே நின்றபோது, இத்தொழிலின் முன்னோர்களை நேரிலே பார்க்காமல் போனோமே என்ற குறை உறைத்தது. ஐரோப்பாவின் பழைய ஓவியங்களைப்பற்றி ஏளனமாகப் பேசிவந்தவர்தான். அமெரிக்க ஓவியன் அமெரிக்காவிலேயே கற்கட்டும், அங்கே போய்க் கெடவேண்டாம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 1910 நவம்பரிலே குடும்பத்தோடு இத்தாலிக்குக் கப்பலேறினார். இங்கிலாந்துக் காட்டையும் ஸ்பானியக் கடலையும் வாழ்நாளெல்லாம் வரைந்தவர், ஐரோப்பாவிலே கால் வைத்தது அந்த ஒருமுறைதான்! மூலப்படங்களைக் கண்டதும் ஏளனம் பறந்தது. கற்கத் தொடங்கினார், மாணவனைப்போல. உடல் இடம் கொடுக்கவில்லை. சிறுநீரக நோய் முற்றி, 1911 நவம்பர் 9-ஆம் நாள் பிளாரன்ஸ் நகரிலே மறைந்தார். வயது 58. அந்த அயல்மண்ணிலேயே அடக்கமானார்.

மறுஆண்டே, 1912-இல், வில்மிங்டன் நகரத்தார் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவருடைய படங்களை வாங்கி, சிதறாமல் காப்பதே நோக்கம். அந்தச் சங்கந்தான் டெலவேர் கலைக் காட்சியகமாக வளர்ந்தது.

மாணவர்களோ ஆசானின் பாடத்தைக் கையோடு எடுத்துப்போனார்கள். வையெத், பைல் மறைந்த அதே 1911-இல், 'புதையல் தீவு' கதைக்குப் படம் தீட்டிப் புகழ்பெற்றார். சாட்ஸ் ஃபோர்டிலேயே குடியேறினார். தம் மகன் ஆண்ட்ரூவைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே ஓவியம் பழக்கினார். அந்த மகன் அமெரிக்காவின் பெரும் ஓவியர்களுள் ஒருவராகி 2009 வரை வாழ்ந்தார். உழவர் மகன் டன் 1915-இல் தாமும் ஒரு பள்ளி தொடங்கினார். முதல் உலகப் போரிலே படையோடு சென்று, பதுங்குகுழிச் சேற்றிலே நின்று வரைந்தார். தம் ஊர்ப் புல்வெளி மக்களை, ஏர் பிடித்த ஆண்களையும் குடம் சுமந்த பெண்களையும் தீட்டிய படங்களை, 1950-இல் தெற்கு டகோட்டாவின் கல்லூரிக்கு விலையில்லாமல் கொடுத்துவிட்டார்.

இத்தாலிக்குப் புறப்பட்டபோது பைலின் கூடத்திலே சட்டத்தின்மேல் ஒரு படம் இருந்தது. நிலவொளியிலே அலை பாறையில் மோதுகிறது. நீருக்குள்ளிருந்து எழுந்த கடற்கன்னி ஒருத்தி, சிவப்புத் தொப்பி அணிந்த இளைஞன் ஒருவனைத் தழுவிக்கொண்டிருக்கிறாள். காப்பாற்றுகிறாளா, உள்ளே இழுக்கிறாளா என்று சொல்ல முடியாது. திரும்பி வந்து முடிக்கலாம் என்று விட்டுப் போனார். வரவில்லை. மாணவர்களுள் ஒருவரான ஃபிராங்க் ஸ்கூனோவர் தூரிகையை எடுத்து, மூலையிலே ஒரு மீனையும் நண்டையும் மட்டும் சேர்த்து, மற்றதையெல்லாம் ஆசான் விட்டபடியே விட்டார்.